கண்ட்ரோல் குரூப்ல இருந்த டீச்சர்

போன மாசம் ஒரு ராத்திரி, மணி பதினொண்ணு தாண்டியிருக்கும், பினாங்கு ஜெலுத்தோங் வீட்டுல சாப்பாட்டு மேசைல உக்காந்து ஒரு ஆராய்ச்சி கிராண்ட் ஃபாரத்த நிரப்பிக்கிட்டு இருந்தேன். தலைப்பு, நோக்கம், ஆய்வு முறை எல்லாம் எழுதியாச்சு, பட்ஜெட்டும் போட்டாச்சு. கடைசிக்கு முந்தின பக்கத்துல ஒரு கட்டம். இந்த ஆய்வு முடியறப்ப கைல என்ன பொருள் இருக்கும், அத சந்தைக்குக் கொண்டுபோக என்ன வாய்ப்பு, இப்ப டி.ஆர்.எல். எத்தன. டி.ஆர்.எல்.ங்கிறது ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் தயாராயிருக்குன்னு 1-லருந்து 9 வரைக்கும் போடற அளவு, நாசாக்காரங்க விண்கலத்துக்காக உண்டாக்கினது. என் தலைப்போ தமிழ்ப்பள்ளி டீச்சருங்க மலாய் சொல்லிக்கொடுக்க தாங்களாவே வருஷக்கணக்கா உருவாக்கி வச்சிருக்கிற வழிகளப் பத்தினது. காலைல ஏழே முக்காலுக்கு ஒரு டீச்சர் பிள்ளைங்ககிட்ட பேசற பேச்சு 1 முதல் 9-ல எங்க நிக்கும்? அந்தக் கட்டத்துக்கு மேல கை நகரவே இல்ல. லேப்டாப்ப மூடிட்டுப் போய் படுத்தேன், தூக்கம் வரல, எட்டு வருஷத்துக்கு முன்னாடி பார்த்த ஒரு வகுப்பு கண்ணு முன்னாடி வந்து நின்னுக்கிட்டே இருந்துச்சு. அத இதுவரைக்கும் வெளிய எங்கயும் எழுதினதில்ல. எழுதவேண்டிய இடத்துல எழுதாம விட்டது நான்தான், அதனாலதான் இப்ப எழுதறேன்.

அந்த எட்டு வாரம்

2017-ல நான் ஒரு பல்கலைக்கழகத்துல கல்வியியல் மாஸ்டர்ஸ் பண்ணிக்கிட்டே ரிசர்ச் அசிஸ்டண்டா இருந்தேன். பேரு வேணாம், எந்த பல்கலைக்கழகமா இருந்தாலும் அந்த வருஷம் கதை ஒண்ணுதான். பட்ஜெட்ல பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான நடைமுறைச் செலவு ஒதுக்கீட்ட ஏறக்குறைய 19 விழுக்காடு வெட்டியிருந்தாங்க, அதுக்கு முந்தின வருஷமும் ஒரு வெட்டு. ரிங்கிட்டும் விழுந்து கிடந்துச்சு, ஒரு டாலருக்கு 4 வெள்ளி 40 காசுக்கு மேல. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இது ஏன் வலிக்கும்னா, ஜர்னலுக்குக் கட்டற சந்தா டாலர்ல, கட்டுரை போடறதுக்கு கேக்கற கட்டணமும் டாலர்ல. ஆனா கே.பி.ஐ.ங்கிற வேலை இலக்கு மட்டும் கொறையல. வருஷத்துக்கு ஸ்கோப்பஸ் பட்டியல்ல உள்ள ஜர்னல்ல இத்தன கட்டுரை, அதுல மேல் தரமான க்யூ1, க்யூ2 இத்தன, வெளியிலருந்து கொண்டுவர்ற பணம் இவ்வளவுன்னு கணக்கு அப்படியே நின்னுச்சு. அரசாங்கப் பணம் கொறைஞ்சா தொழில்துறைகிட்ட போய் வாங்குங்கன்னு மேலிடம் சொன்னப்ப எல்லாரும் கதவு கதவா தட்ட ஆரம்பிச்சாங்க. இயந்திரவியல் துறைக்கு பாயான் லெப்பாஸ்ல தொழிற்சாலை இருக்கு. கல்வித்துறைக்கு யாரு இருக்கா? ஆப் விக்கிறவங்க இருக்காங்க, டேப்லட் விக்கிறவங்க இருக்காங்க, பயிற்சிப் புத்தகம் போடறவங்க இருக்காங்க.

அப்படித்தான் அந்த ஆப் எங்ககிட்ட வந்துச்சு. தமிழ்ப்பள்ளி நாலாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு மலாய் சொல்வளமும் வாசிச்சுப் புரிஞ்சிக்கிறதும் சொல்லிக்கொடுக்கிற ஆப். நல்லா செஞ்சிருந்தாங்க, அத நான் மறுக்க மாட்டேன், படம் அழகு, குரல் தெளிவு. தேவையும் உண்மையான தேவைதான், நம்ம பிள்ளைங்க மலாய்ல தேறலன்னா இடைநிலைப்பள்ளில ஒண்ணாம் படிவம் போறதுக்கு முன்னாடி பெராலிஹான்ங்கிற புதுமுக வகுப்புல ஒரு வருஷம் உக்காரணும், அந்த ஒரு வருஷம் எத்தன பிள்ளைங்க மனசு விட்டுப்போய் பள்ளிக்கூடத்தையே விட்டிருக்குன்னு குடும்பத்துல ஒரு ஆளாவது சொல்லக் கேக்காத மலேசியத் தமிழர் இருக்க மாட்டாங்க. கம்பெனி பணம் கொடுக்கும், டேப்லட் கொடுக்கும், பல்கலைக்கழகம் ஆய்வு பண்ணிச் சொல்லணும். செபராங் பிறைல நாலு தமிழ்ப்பள்ளி, நாலும் சின்னப் பள்ளி, ஆண்டுக்கு ஒரே வகுப்பு. ரெண்டு பள்ளிக்கு ஆப், ரெண்டு பள்ளி கண்ட்ரோல். முதல்ல ஒரு டெஸ்ட், எட்டு வாரம் கழிச்சு அதே மாதிரி இன்னொரு டெஸ்ட், ரெண்டுக்கும் நடுவுல நான் வாரம் ஒரு தடவ ஃபெரி ஏறிப்போய் ஒவ்வொரு வகுப்புலயும் பின்னாடி பெஞ்சுல உக்காந்து பார்க்கணும்.

கண்ட்ரோல் குரூப்னா என்னன்னு சூப்பர்வைசர் எனக்கு விளக்கினப்ப, அங்க எதுவும் நடக்காது, வழக்கம்போல பாடம் போகும், நீ அத உறுதிப்படுத்தினா போதும்னார். அதனால அந்த ரெண்டு பள்ளிக்கும் போறப்ப நான் நோட்டுகூட பெருசா எடுத்துக்கிட்டுப் போகல.

அதுல ரெண்டாவது பள்ளி பழைய தோட்டத்துப் பள்ளி. தோட்டம் போயி வீடமைப்புத் தாமான் வந்துருச்சு, பள்ளி மட்டும் அதே இடத்துல. நாலாம் ஆண்டுல 23 பிள்ளைங்க. டீச்சருக்கு அப்ப ஐம்பது வயசு தாண்டியிருக்கும், குரல் உசத்திப் பேசி நான் பார்த்ததில்ல. மலாய்ப் பாடத்துல முதல் இருபது நிமிஷம் அவங்க பாடநூலத் தொறக்கவே இல்ல. ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் ஒரு நோட்டு, பள்ளிக்கூடக் கூட்டுறவுக் கடைல 80 காசுக்கு விக்கிற நோட்டு. நேத்து வீட்டுல நடந்தது ஒண்ண, இடது பக்கத்துல தமிழ்ல எழுதணும், அதையே வலது பக்கத்துல மலாய்ல எழுதணும். தெரியாத சொல்லுக்கு கோடு போட்டு விட்டுறலாம். அப்புறம் ஒரு பிள்ளையோட வாக்கியத்த எடுத்துப் பலகைல போடுவாங்க, வகுப்பே சேர்ந்து அதப் பிரிச்சுப் பார்க்கும்.

நான் உக்காந்திருந்த அன்னிக்கி ஒரு பையனோட வாக்கியம். "தாத்தா மோட்டோ சாவியத் தொலைச்சிட்டாரு." வலது பக்கத்துல சாவிக்கு குஞ்சின்னு எழுதிட்டான், தொலையறதுக்கு ஹிலாங்னு எழுதிட்டான், ரெண்டையும் சேர்க்கத் தெரியல. டீச்சர் கேட்டாங்க, "தொலைஞ்சதா, தொலைச்சாரா?" பையன் யோசிச்சான். தொலைச்சாருன்னா தப்பு தாத்தா மேல போகுது, தொலைஞ்சு போச்சுன்னா சாவி மேல போகுதுன்னு பக்கத்துல உள்ள பிள்ளை சொல்லுச்சு. சாவி தொலைஞ்சு போச்சுன்னா 'ஹிலாங்', தாத்தா தொலைச்சாருன்னா 'மெங்ஹிலாங்கான்', எங்கயோ மறந்து விட்டுட்டு வந்தாருன்னா 'தெர்திங்கால்'. ஒரே சாவி, மூணு வினை. எந்தச் சொல்லப் போடுறதுன்னு அஞ்சு நிமிஷம் வாக்குவாதம், பையன் தாத்தாவக் காப்பாத்தணும்னு ஹிலாங்தான் வேணும்னு நின்னான், ஒரு பொம்பளப்பிள்ளை தாத்தாதானே வச்சிருந்தாருன்னு விடவே இல்ல. மலாய் தெரிஞ்சவங்களுக்குப் புரியும், அங்க நடந்தது என்னன்னு. நம்ம பிள்ளைங்க பரீட்சைல விழுற குழியே சொல்லுக்கு முன்னயும் பின்னயும் ஒட்டற இந்த இம்புஹான்தான், மெ- எங்க வரும், -கான் எங்க வரும், தெர்- எதுக்குன்னு. பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ண வச்சா ரெண்டு வாரத்துல மறந்துடும். இங்க தொலையறதுக்கும் தொலைக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் அந்தப் பிள்ளைங்களுக்கு நாக்குலயே இருக்கு, தமிழ்ல. டீச்சர் அதையே பிடிச்சு மலாய்க்குள்ள கூட்டிக்கிட்டுப் போறாங்க. ஆப்ல குஞ்சின்னா சாவி படம் வரும், தொட்டா நட்சத்திரம் வரும். தப்பு யாரு மேலங்கிற பேச்சு அதுல வராது.

அன்னிக்கி ஃபெரில திரும்பி வர்றப்ப கைல இருந்த தாள்லயெல்லாம் எழுதினேன், வீட்டுக்கு வந்து உக்காந்து மூணு பக்கம் சுத்தமா டைப் பண்ணேன். படிச்ச படிப்புல அதுவரைக்கும் நான் எழுதின நல்ல பக்கங்கள் அதுதான்னு இன்னிக்கும் நினைக்கிறேன்.

மூணு பக்கம்

ரெண்டாவது டெஸ்ட் முடிஞ்சு மார்க்க எஸ்.பி.எஸ்.எஸ்.ங்கிற புள்ளிவிவர மென்பொருள்ல போட்டா, ஆப் வச்ச பள்ளிகளுக்கும் கண்ட்ரோல் பள்ளிகளுக்கும் நடுவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வரல. வித்தியாசம் தற்செயலா வந்தது இல்லன்னு சொல்ல பி வேல்யூங்கிற எண் 0.05-க்குக் கீழ வரணும், அதுக்குப் பக்கத்துலகூட இல்ல. பிரிச்சுப் பார்த்தா காரணம் உடனே தெரிஞ்சுச்சு. கண்ட்ரோல்ல முதல் பள்ளி கொஞ்சம்தான் ஏறியிருந்துச்சு. டீச்சரோட வகுப்பு ஆப் வகுப்புங்க ஏறின அளவுக்கு ஏறி, அதுக்கு மேலயும் ஒரு படி போயிருந்துச்சு.

எனக்கு சந்தோஷம் தாங்கல. இதானே கண்டுபிடிப்பு, இதுக்குத்தானே ஆராய்ச்சி பண்றோம்னு அந்த மூணு பக்கத்தையும் எடுத்துக்கிட்டு சூப்பர்வைசர் ரூமுக்கு ஓடினேன். அவர் நல்ல மனுஷன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளில படிச்சு வந்தவர், என் ஃபீஸ் கட்ட முடியாம போனப்ப தன் கைக்காசு போட்டவர். பொறுமையா மூணு பக்கத்தையும் படிச்சார். "நல்லா எழுதியிருக்கம்மா"ன்னார். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "ஆனா நீ எழுதியிருக்கிறதப் பார்த்தா அவங்க தனியா ஒரு இன்டர்வென்ஷன் பண்ணியிருக்காங்க. அப்ப அது கண்ட்ரோலே இல்லியே"ன்னார்.

புத்தகப்படி பார்த்தா அது சரி. கண்ட்ரோல் குரூப்ல ஒண்ணும் நடக்கக்கூடாது, நடந்தா ஒப்பீடு கெட்டுப்போச்சுன்னுதான் பாடத்துலயும் சொல்லிக்கொடுத்திருந்தாங்க. அடுத்த வாரம் கம்பெனிலருந்து வந்தவங்ககூட ஒரு மீட்டிங், அவங்களும் அதட்டிப் பேசல, மரியாதையாத்தான் அதையே சொன்னாங்க. அந்தப் பள்ளிய எடுத்துட்டு மூணு பள்ளிய வச்சுப் பார்க்கலாமான்னு. எடுத்துட்டுப் பார்த்தா 0.05-க்குக் கீழ வந்துருச்சு. ஏன் எடுத்தோம்னு காட்ட ஆதாரம் வேணும்ல, கண்ட்ரோல் நிலை பின்பற்றப்படலன்னு காட்டற வகுப்பறைக் குறிப்பு வேணும். இருந்துச்சு. நான் எழுதின மூணு பக்கம்.

நான் அடிக்கடி திரும்பிப் போற இடம் இதுதான். டீச்சர் செஞ்சது எவ்வளவு நல்லதுன்னு ஆசை ஆசையா எழுதின பக்கத்த வச்சே அவங்கள டேட்டாலருந்து தூக்கினோம். நாங்க பொய் சொல்லல, ஒரு மார்க்ககூட மாத்தல, கட்டுரைல ஒரு பள்ளி விலக்கப்பட்டதுன்னு காரணத்தோட ஒரு வரி போட்டோம், ரிவ்யூவர் யாரும் அதுல தப்பு கண்டுபிடிக்கல. டேட்டா ஷீட்ல அந்த 23 பிள்ளைங்களோட வரியையும் அழிச்ச கை என் கை. பேரு இருக்காது, கே2-01-லருந்து கே2-23 வரைக்கும் குறியீடு இருக்கும், ஆனா வாரா வாரம் போய் உக்காந்ததால எந்த நம்பர் சாவி தொலைஞ்ச பையன்னு எனக்குத் தெரியும். செலக்ட் பண்ணேன், டிலிட் அழுத்தினேன், கீழ இருந்த வரியெல்லாம் மேல ஏறி வந்து அந்த இடத்த நிரப்பிக்கிச்சு.

அன்னிக்கி சாயங்காலம் சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். சரி டாக்டர், இதுல வேணாம், இந்த டீச்சர் பண்றதையே தனி ஆய்வா எடுக்கலாமேன்னு. அவர் என்னப் பார்த்து, "யாரும்மா காசு கொடுப்பா? இதுல விக்கிறதுக்கு என்ன இருக்கு"ன்னார். கேலியா சொல்லல. அவரே பல தடவ முட்டிப் பார்த்து வந்த இடம் அது, குரல்லயே தெரிஞ்சுச்சு.

வழக்கம்போல

அதுக்கப்புறம் நிறைய படிச்சேன், ஒரு பதில் கிடைக்குமான்னு. கம்பெனி பணம் கொடுத்தா முடிவு கம்பெனி பக்கம் சாயும்ங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்கு அளவும் இருக்கு. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், எந்தக் கல்வித் திட்டம் வேலை செய்யுதுன்னு அரசாங்கம் தொகுத்து வச்சிருக்கிற ஆய்வுகள எடுத்துப் பார்த்து 2020-ல வெளியிட்டாங்க. தயாரிச்சவங்களே செய்யச் சொல்லி வாங்கின ஆய்வுகள்ல, தனியாளுங்க செஞ்ச ஆய்வுகளைவிட பலன் ரொம்பக் கூடுதலாத் தெரியுது. அதுக்கு மருந்தும் கண்டுபிடிச்சிருக்காங்க. இங்கிலாந்துல 2011-ல அரசாங்கம் 125 மில்லியன் பவுண்டு கொடுத்து ஆரம்பிச்ச எஜுகேஷன் எண்டவ்மெண்ட் ஃபவுண்டேஷன்ல, திட்டத்த நடத்தறவங்க வேற, மதிப்பிடறவங்க வேற, முடிவு எப்படி வந்தாலும் வெளியிட்டே ஆகணும். பலன் இல்லன்னு வந்த எத்தனையோ ஆய்வுகள அவங்க மறைக்காம போட்டிருக்காங்க. அத நான் உண்மையாவே மதிக்கிறேன், இங்கயும் அப்படி ஒண்ணு வேணும்.

ஆனா என் 23 வரிக்கு அதுலயும் இடம் இல்ல. இந்த மாதிரி ஆய்வு அறிக்கைகள்ல கண்ட்ரோல் பள்ளிங்களுக்கு ஒரு பேரு இருக்கு, 'பிசினஸ் ஆஸ் யூஷுவல்'. வழக்கம்போல. மதிப்பிடறதுக்கு எடுத்துக்கற பொருளுக்கு முதல்ல ஒரு பேரு வேணும், கையேடு வேணும், பயிற்சி வேணும், ஒரு பள்ளிலருந்து இன்னொரு பள்ளிக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி பொட்டலமா இருக்கணும். பொட்டலம் போட ஆளு எங்கருந்து வருவாங்க? அதுல வருமானம் பார்க்கிற ஒருத்தர் இருந்தாத்தான் போடுவாங்க. பொட்டலம் போடாததெல்லாம் வழக்கம்போலங்கிற ஒரே மூட்டைக்குள்ள. நாற்காலில உக்காந்து நேரம் போக்கற டீச்சரும் அதுக்குள்ளதான், தொலைஞ்சதா தொலைச்சாரான்னு கேக்கற டீச்சரும் அதுக்குள்ளதான். ஆய்வு எவ்வளவு நேர்மையா நடந்தாலும் அந்த மூட்டைய யாரும் அவிழ்க்க மாட்டாங்க.

நம்ம நாட்டுலயே பாருங்க. 2011-ல ஒன் பெஸ்தாரி நெட் வந்துச்சு, 10,000 பள்ளிக்கு இணையமும் அதுக்கு மேல ஒரு மெய்நிகர் கற்றல் தளமும், மொத்தத் திட்டம் 4 பில்லியன் வெள்ளிக்கு மேல. தளத்த உபயோகப்படுத்தறவங்க ரொம்பக் கம்மின்னு 2013-க்கான ஆடிட்டர் ஜெனரல் அறிக்கையே சொல்லிருச்சு, 2019-ல திட்டம் நின்னுபோச்சு. அந்த வருஷங்கள்ல எங்க லைப்ரரில வந்து சேர்ந்த தீசிஸ் எல்லாம் எப்படி இருந்துச்சுன்னா, ஆசிரியர்கள் இந்தத் தளத்த ஏத்துக்கிறாங்களா, ஏத்துக்கிறதுக்கு என்னென்ன காரணி, தடைகள் என்ன. 1989-ல டேவிஸ் அமெரிக்காவுல அலுவலகத்துல கம்ப்யூட்டர ஏத்துக்கிறாங்களான்னு பார்க்க உண்டாக்கின மாடல எடுத்து, 1970-ல வந்த கிரெய்சி மோர்கன் பட்டியலப் பார்த்து எத்தன பேருகிட்ட கேக்கணும்னு எண்ணி, அஞ்சு புள்ளி கேள்வித்தாள் கொடுத்து, கேள்வித்தாள் நம்பகமானதுன்னு காட்டற ஆல்ஃபா 0.7-க்கு மேல வந்துச்சுன்னு எழுதி முடிச்சா ஒரு மாஸ்டர்ஸ். நானும் அந்த அச்சுல வார்த்த ஆளுதான். இவ்வளவு பணம் இதுக்குப் போறதுக்குப் பதிலா வேற எதுக்குப் போயிருக்கலாம்னு கேட்ட தீசிஸ் ஒண்ணுகூட என் கைல சிக்கல. ஏத்துக்கிறீங்களாங்கிறது விக்கிறவங்க கேக்கற கேள்வி. அத நாங்க எங்க கேள்வின்னு நினைச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தோம்.

இதுக்கு ஒரு பதில் சொல்வாங்க, சூப்பர்வைசரும் சொன்னார். ஒரு நல்ல டீச்சர் ஒரு வகுப்புக்குத்தான், ஆப் 500 சொச்சம் தமிழ்ப்பள்ளிக்கும் போகும். அது கனமான வாதம், நான் தள்ளிவிடல. அந்த நோட்டு முறைய அப்படியே பரப்பிட முடியாது, ரெண்டு மொழியும் எலும்பு வரைக்கும் தெரிஞ்ச டீச்சர் வேணும், பாடநூல் முடிக்கலன்னு கண்டிக்காத தலைமையாசிரியர் வேணும், தினம் இருபது நிமிஷம் வேணும். அப்ப ஆராய்ச்சி பண்ணவேண்டியது அதத்தானே? இப்படி ஒரு டீச்சர் எப்படி உருவானாங்க, அடுத்த டீச்சருக்கு அது எப்படிப் போய்ச் சேரும், பக்கத்துப் பள்ளில செஞ்சா எங்க இடிக்கும். பரவாதுன்னு சொல்றதுக்காவது யாராவது ஒரு தடவ முயற்சி பண்ணிப் பார்த்திருக்கணும்.

ஒரு வெள்ளி

பணம் கலந்தா ஆராய்ச்சி கெட்டுப்போகும்னு நான் சொல்ல வரல. பணம் இல்லாம எந்தக் காலத்துலயும் நடந்ததில்ல. மலாயாப் பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறை 1956-ல தொடங்கினது, அப்ப அது சிங்கப்பூர்ல இருந்துச்சு. துறைக்கு முதன்மை மொழி சமஸ்கிருதமா தமிழான்னு விவாதம் எழுந்தப்ப, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக நின்னு 'தமிழ் எங்கள் உயிர்'னு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. வேர்வை சிந்திப் பொழைச்ச ஜனங்க கொடுத்த காசு, துறை தமிழ்த்துறையா நிலைச்சதுல அந்தக் காசுக்கும் பங்கு உண்டு. அதுவும் வெளியிலருந்து வந்த பணம்தான், அதுவும் ஒரு பக்கம் சாஞ்ச பணம்தான். ஆனா ஒரு வெள்ளி கொடுத்தவங்க திருப்பி எதையும் விக்கக் கேக்கல. தங்க பிள்ளை பேசற மொழி படிப்புக்கு லாயக்கானதுன்னு ஒரு பெரிய இடம் ஒத்துக்கணும்னு கேட்டாங்க.

இன்னிக்கி அந்த ஜனங்களோட பேரப்பிள்ளைங்க படிக்கிற வகுப்பப் பத்தி நான் எழுதின கட்டுரை இங்கிலீஷ்ல இருக்கு, பணம் கட்டினாத்தான் தொறக்கும். தமிழ்ல எழுதி உள்ளூர்ப் பத்திரிகைல போட்டிருந்தா அந்த நாலு பள்ளி டீச்சருங்களும் படிச்சிருப்பாங்க, ஆனா கே.பி.ஐ. கணக்குல அது சைபர். 1816-ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல முதல் தமிழ் வகுப்பு ஆரம்பிச்சதுக்கு 2016-ல 200 வருஷ விழா எடுத்தோம், நானும் போய் நின்னு கை தட்டினேன். அந்த 200 வருஷத்துல வகுப்பறைக்குள்ள டீச்சருங்க எத்தன வழி கண்டுபிடிச்சிருப்பாங்க, எத்தன எழுத்துல ஏறாமலே அவங்களோட ரிட்டையர் ஆகிப் போயிருக்கும்னு அப்ப எனக்குத் தோணல.

இடது பக்கம், வலது பக்கம்

கிராண்ட் ஃபாரத்த மூடி வச்ச அந்த வாரம் சனிக்கிழமை டீச்சரப் பார்க்கப் போனேன். ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆச்சு, பாகான் பக்கம் மகளோட இருக்காங்க. என்ன உடனே அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாங்க, "வாம்மா, பின் பெஞ்சுல உக்காந்து எழுதிக்கிட்டே இருப்பியே"ன்னாங்க. கோப்பி போட்டுக் கொடுத்தாங்க, கறிபாப் வச்சாங்க. அந்த 23 பிள்ளைங்களும் 2019-ல ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சை யு.பி.எஸ்.ஆர். எழுதினாங்க, அதுதான் கடைசி யு.பி.எஸ்.ஆர்., அதுக்கடுத்த வருஷம் கோவிட்ல நிறுத்தி அப்புறம் பரீட்சையவே எடுத்துட்டாங்க. ஒருத்தன் பெராலிஹான் போனான்னு அவங்க ஒரு பேரச் சொன்னாங்க, மத்தவங்க எல்லாரும் நேரா ஒண்ணாம் படிவம்.

கட்டுரைய பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவங்க கண்ணாடி போட்டுக்கிட்டு மெதுவாப் புரட்டினாங்க. இங்கிலீஷ் வாசிப்பாங்க, ஆனா இந்த இங்கிலீஷ் வேற. நான் ஒவ்வொரு பத்தியா தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். மூணு பள்ளின்னு வந்த இடத்துல நிறுத்தினாங்க. "நாலுல்ல?" அந்த வரியக் காட்டினேன், ஒரு பள்ளி விலக்கப்பட்டதுன்னு. அவங்க விரல அந்த வரி மேலயே வச்சிருந்தாங்க.

"விலக்கப்பட்டதுன்னா, யாரும்மா விலக்கினா?"

"நான்தான் டீச்சர்."

ஏன்னு எல்லாத்தையும் சொன்னேன், மூணு பக்கத்தையும் சொன்னேன், அந்தத் தாளையும் கொடுத்தேன். சாவி வர்ற இடத்த ரெண்டு தடவ வாசிச்சாங்க. கோவப்படல, கோவப்பட்டிருந்தா தேவலன்னு இருந்துச்சு. "நாங்க ஒண்ணும் செய்யாம இருந்திருந்தா சேர்த்திருப்பீங்களா?"ன்னு கேட்டாங்க, தெரிஞ்சுக்கணும்னு கேக்கற மாதிரி. ஆமா டீச்சர்ன்னேன். சரின்னு தலையாட்டிட்டு உள்ள போனாங்க, நான் கிளம்பிரலாமான்னு நினைச்சேன். திரும்பி வர்றப்ப கைல ஒரு பழைய பிஸ்கெட் டின்னும், அது மேல ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டுகளும். பதினோரு வருஷத்து நோட்டு. வருஷக் கடைசில பிள்ளைங்க கிளாஸ்லயே விட்டுட்டுப் போனது, தூக்கிப் போட மனசு வராம வச்சிருக்கேன்னாங்க. "எடுத்துட்டுப் போ, பத்திரமாக் கொண்டாந்து கொடுத்துரு."

பட்டர்வொர்த்ல புது ஃபெரி, 2023-ல வந்தது, பழசுல மாதிரி காத்து முகத்துல அடிக்காது, கண்ணாடி போட்டு அடைச்சிருக்கு. மடில கட்ட வச்சுக்கிட்டு 2017-ல உள்ளத தேடி எடுத்தேன். அந்தப் பையன் நோட்டு கிடைச்சுச்சு. தாத்தா சாவிப் பக்கத்துக்கு அடுத்த பக்கம். இடது பக்கத்துல, "சாவி கிடைச்சிருச்சு, தாத்தா சட்டைப் பைலயே இருந்துச்சு." வலது பக்கத்துல 'குஞ்சி சுடா ஜும்பா'ன்னு எழுதியிருந்தான், டீச்சர் சிவப்பு மைல கடைசிச் சொல்ல 'டிஜும்பாய்', அதாவது கண்டுபிடிக்கப்பட்டதுன்னு திருத்தி, பக்கத்துல தமிழ்ல ஒரு கேள்வி எழுதியிருந்தாங்க. "யாரு கண்டுபிடிச்சது?"

அதுக்குக் கீழ பென்சில்ல, ரெண்டு கட்டம் அளவுக்குப் பெருசா, "நான்."